மீன் வரைந்த மூட்டை

மச்சான்,

நேற்று சாயங்காலம் டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். "தாத்தா, தெரிஞ்ச ஊர்ப் பேரு ஒண்ணு எழுதுங்க" என்றார். தூள் விரலில் ஒட்டி, அதன் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பள்ளிக்கூடம் மறந்துபோயிற்று. நம் பார்சல் ஷெட்டில் லாரி வந்து நிற்கிற விடிகாலை. நீ குத்தவைத்து உட்கார்ந்து மூட்டைகளில் படம் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு எழுத்து வந்துவிட்டது மச்சான். முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வயதில், எங்கள் தெருத் தொடக்கப் பள்ளியில் சாயங்கால வகுப்பு. ஆறு மாதம் ஆயிற்று. கீழ ராஜ வீதியில் நடந்தால் இப்போது பத்தடிக்கு ஒருதரம் நின்றுவிடுகிறேன். நாம் வருசக்கணக்காக டீ குடித்த கடைக்குப் பேர் இருக்கிறது. 'கடன் சொல்லாதீர்' என்று உள்ளே எழுதியிருக்கிறது. நீ அதைப் படித்துக்கொண்டேதான் கடன் சொல்லியிருக்கிறாய். தனியாக நின்று சிரித்தேன். கடைக்காரர் என்னவென்று கேட்டார். அவர் புதிது. உன்னைத் தெரியாதவரிடம் எதைச் சொல்ல?

ஷெட்டு வேலைக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். தெரிந்தவனுக்குக் கூரைக்கடியில் வேலை, சனிக்கிழமை தவறாத கூலி, தீபாவளிக்கு வேட்டி. தெரியாதவன் வெளியே அரிசி மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு என்று தூக்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் கிடையாது. என் பெயரை மட்டும் படம் மாதிரி வரையப் பழகிக்கொண்டு நான் உள்ளே நுழைந்துவிட்டேன். மூன்றாம் நாளே நீ கண்டுபிடித்தாய்.

"மாப்ள, அந்த மூட்டைய ஏன் தலகீழா வச்சுப் படிக்கிற?"

நான் காலில் விழாத குறையாக நின்றேன். நீ வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து லாரி வந்ததும், கிளார்க் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு மூட்டையின் மூலையிலும் சாக்பீஸால் ஒரு படம் போட்டாய். ஆவூருக்குச் சிலுவை. வல்லத்திராக்கோட்டைக்கு நெற்கதிர். உன் ஊரான கட்டுமாவடிக்கு மீன். படத்தைப் பார்த்து அந்தந்த வேனில் ஏற்றுவேன். எழுத்தும் சொல்லிக் கொடுக்கத்தான் பார்த்தாய். அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. "ஒனக்குப் படந்தாண்டா ஏறும்" என்று விட்டுவிட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

நீ ஜும்மாவுக்குப் போயிருந்தாய். சாய்வாக மழை அடித்து, தகரத்துக்கடியில் அடுக்கியிருந்ததெல்லாம் நனைந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது கடைசி இரண்டு மூட்டைகளில் வெள்ளையாக ஒரு கறைதான் இருந்தது. ஒன்று ஆவூருக்கு, ஒன்று கட்டுமாவடிக்கு. இரண்டு வேனும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. கிளார்க் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் என் வேலை போய்விடும். வீட்டில் குழந்தை பிறந்து இருபது நாள். இரண்டையும் கையால் அமுக்கிப் பார்த்தேன். இரண்டுமே மெத்தென்றுதான் இருந்தன. குத்துமதிப்பாக ஏற்றிவிட்டேன்.

மறுநாள் ஆவூரிலிருந்து பெண்வீட்டார் ஆறேழு பேர் வந்து இறங்கினார்கள். கையில் மீன்வலை. திங்கட்கிழமை மாதா கோயிலில் கல்யாணம்.

"ஏங்க, பொண்ணுக்குப் பட்டுக்குப் பதிலா வலையக் கட்டி நிறுத்தவா? இல்ல மாப்பிள்ளைய அதுல புடிச்சுட்டு வரச் சொல்றீங்களா?" என்று ஓர் அம்மாள் கேட்டதற்கு அவர்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"எவன்டா ஏத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்துவிட்டாய். "நாந்தாங்க. அவசரத்துல பாக்காம ஏத்திப்புட்டேன்."

அடுத்த பஸ்ஸில் நீயே கட்டுமாவடிக்குப் போய், ஜவுளி மூட்டையை வாங்கி வந்து, ஆவூரில் கொண்டுபோய் இறக்கினாய். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. திங்கட்கிழமை உன்னை ஷெட்டை விட்டு நிறுத்தினார்கள்.

அரிசி மண்டி வாசலில் உன்னைப் பிடித்துக்கொண்டு, "நான் போய் உண்மையைச் சொல்லிர்றேன் மச்சான்" என்றேன்.

"சொன்னா நான் பொய்யனாயிருவேன். வேல போனது பத்தாதா, பேரும் போகணுமா? போ, புள்ளைக்குப் பால் வாங்கு" என்றாய்.

நான் போனேன். பால் வாங்கினேன். அதைத்தான் இத்தனை வருசமும் என்னால் செரிக்க முடியவில்லை.

நீ அதோடு விடவும் இல்லை. மண்டிக்குப் போகிற வழியில், விடியும் முன் ஷெட்டுக்குள் நுழைந்து, வாட்ச்மேனுக்கு ஒரு டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு, எனக்குப் படம் போட்டுவிட்டுப் போவாய். உன்னைத் துரத்திய ஷெட்டு. ஒரு நாளா, இரண்டு நாளா? முதலாளி ஷெட்டை மூடும்வரை ஒன்பது வருசம். மழைக்காலத்தில் மண்டியில் வேலையில்லாமல் நீ சும்மா நின்ற நாட்களிலும் என் மூட்டைகளில் சிலுவையும் கதிரும் மீனும் இருந்தன.

நீ கண்ணை மூடி மூன்று வருசம் ஆகிறது. நான் துக்கம் கேட்கப் போன அன்றைக்குக் கட்டுமாவடியில் உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, உன் மகள் டீ கொண்டுவந்து கொடுத்தது.

"எங்கத்தா கொஞ்சம் கவனமில்லாத ஆளு மாமா. அதுனாலதானே நல்ல ஷெட்டு வேலையத் தொலச்சுட்டு, மூட்ட தூக்கித் தூக்கித் தோளெல்லாம் போயி கெடந்தாக" என்றது.

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் எப்போதும் பேசிக்கொள்கிற மாதிரி சொன்னது. உன் வீட்டிலேயே நீ உண்மையைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பிறகு இரண்டு முறை போன் போட்டேன். "அங்கிட்டு மழை உண்டா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

உண்மையை யாரிடமாவது சொல்லிக் கடிதமாக எழுதி வாங்கியிருக்கலாம்தான். இன்னொருவர் கையால் எழுதினால் அதுவும் நீ போட்டுத் தந்த படம் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இது என் கையால்தான் போக வேண்டும். அதற்காகத்தான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சரிடம், பஸ் போர்டு படிக்க என்று சொல்லிவைத்தேன்.

இந்தத் தாளை உன் மகள்தான் பிரித்துப் படிக்கும். படிக்கட்டும். அம்மா, உங்கள் அத்தா கவனமில்லாதவர் அல்ல. அந்த மூட்டையை ஏற்றியவன் நான்.

இதை எழுத எட்டு நாள் ஆகியிருக்கிறது. மகன் சென்னையில் இருக்கிறான். வீட்டில் பேச ஆளில்லாததால், ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்துச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொள்கிறேன். நீ கேட்டிருந்தால் நாலு இடத்தில் கிண்டல் பண்ணியிருப்பாய்.

அன்றைக்கு டீச்சர் கூப்பிட்டபோது கரும்பலகையில் கட்டுமாவடி என்றுதான் எழுதினேன். கூடவே கை தானாக ஒரு மீனையும் போட்டுவிட்டது. "இது எதுக்குத் தாத்தா?" என்று டீச்சர் கேட்டார். "ஊரு மாறிப் போயிரக் கூடாதுல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கவரின் மேல் உன் மகள் பேரையும் ஊர்ப் பேரையும் எழுதி, நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசு கேட்காமல் பக்கத்தில் ஒரு மீன் போட்டிருக்கிறேன். வழியில் தபால் பையை ஏற்றி இறக்குகிறவன் என்னைப்போல ஒருவனாக இருந்தால்? பேனாவால்தான் போட்டிருக்கிறேன் மச்சான். மழை பெய்தாலும் அழியாது.