சாமி சொன்னார் என்று சொன்னேன்

09.07.2017, ஞாயிறு
மெரினா போன் எடுத்தாள். சிலாபத்தில் இருக்கும் என் மகன் கிறகரியின் மகள். எங்கள் குடும்பத்தில் கம்பஸில், பல்கலைக்கழகத்தில், கால் வைத்த முதல் ஆள். அவளுக்குத் தமிழ் வராது; படிப்பின் பெயரைச் சிங்களத்தில் சொன்னாள். அவளோடு படிக்கும் கற்பிட்டிப் பிள்ளை இல்மா தமிழில் சொல்லித் தந்தாள்: தொடர்பாடலும் பண்பாடும். இரண்டு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து என்றாலும் பிழையில்லாமல் எழுதினேன்.

பக்கத்து வீட்டு றோசமேரியிடம் சொன்னேன்.
"மனிசரோட கதைக்கிறதுக்கு நாலு வருசம் படிக்கோணுமோ, யூஜீனியாக்கா? அப்பிடியெண்டா சிலாபத்து மீன்காரியள் எல்லாருக்கும் பட்டம் குடுக்கலாம்!"
"உன்ர பேத்தி சோதினை பாஸ் பண்ணட்டும், பிறகு சிரி" என்றேன்.

15.07.2017, சனி
மெரினாவும் இல்மாவும் வந்தார்கள். ஒரு குடும்பம், மூன்று தலைமுறை, யார் எந்தப் பாஷையில் கதைத்தார்கள் என்று மெரினா எழுத வேண்டுமாம். அவள் சிங்களத்தில் கேட்கிறாள், இல்மா திருப்புகிறாள். நான் சொல்கிறேன், இல்மா மறுபடி திருப்புகிறாள். நான் பேத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அவளோ இல்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'ஆச்சி' என்ற சொல் மட்டும்தான் நடுவில் ஆள் இல்லாமல் வந்து சேருகிறது.

"அப்பாவை ஏன் சிங்களப் பள்ளிக்கூடத்தில போட்டீங்களாம்?" என்று இல்மா கேட்டாள்.
"சாமி சொன்னார். அப்ப இருந்த பங்குச் சாமியார்."
மெரினாவின் பேனை ஓடியது.
ஏன் அப்படிச் சொன்னேன்?

16.07.2017, ஞாயிறு
பூசைக்குப் போனேன். சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்க எழும்பவில்லை.

22.07.2017, சனி
இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று, கலவர நேரம். கிறகரிக்கு ஒன்பது வயது. ஆட்களை மறித்து, ஒரு வாளியைக் காட்டி, இதற்குப் பெயர் சொல் என்று கேட்கிறார்களாம், சிங்களச் சொல் வாயில் பிசகினால் தமிழ் ஆள் என்று அடிக்கிறார்களாம் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். வாயைத் திறந்தால் பிள்ளை பிடிபடுவான் என்ற பயம். சிலாபத்தில் தங்கச்சி பிரான்சிஸ்கா வீட்டில் கொண்டுபோய் விட்டு, சிங்களப் பள்ளியில் சேர்த்தேன். நான்தான். கிறகரியின் அப்பா வேண்டாம் என்றார். மூன்று நாள் என் கையால் சாப்பிடவில்லை. சாமியாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். "பிள்ளையின்ர உயிரைப் பார்க்கிறாய், சரி. ஆனா அவன் உன்னட்டத் திரும்பி வரமாட்டான், யூஜீனியா."

பிள்ளை உயிரோடு இருக்கிறான். எந்தச் செக்பொயின்றிலும் அவனை இரண்டாம் தரம் கேட்டதில்லை. பெருநாளுக்கு வருவான், சுகமா, சாப்பிட்டீங்களா, போயிட்டு வாறன் — முடிந்தது கதை.
உயிர்தானே கேட்டாய், கிடைத்ததுதானே. பிறகேன்டி அழுகிறாய்?

28.07.2017, வெள்ளி
மெரினா போன். இல்மா பக்கத்தில் இல்லை; மெதுவாகச் சிங்களத்தில் சொன்னாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் வாசிக்கிறாளாம். சாமியார் சொன்ன இடம்தான் படிப்பிக்கிறவருக்கு மிகவும் பிடித்ததாம்.

எனக்கு வருவது மீன் விற்ற சிங்களம். விலை சொல்ல வரும், ஏச வரும், சத்தியம் பண்ண வரும். இதைச் சொல்ல வரவில்லை. "பாதர் நெவெய், மம" என்று மட்டும் சொன்னேன். பாதர் இல்லை, நான். அவள் "ஹரி ஆச்சி" என்று, விளங்காமலே சரி சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

29.07.2017, சனி
பஸ் ஏறிக் கற்பிட்டிக்குப் போனேன். இல்மா லீவில் வந்திருந்தாள். அவள் உம்மா மைமூனா கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நீயே மெரினாவிடம் சொல்லிவிடு பிள்ளை என்றேன்.

"நான் சொன்னா அது என்ட கதையாப் போயிடும் ஆச்சி. போன்ல பதியிறன், நீங்களே சொல்லுங்க. ஒரு சொல்லும் விடாம நான் சிங்களத்தில எழுதிக் குடுக்கிறன்."

சொன்னேன். செத்துப்போன சாமியார் மேல் பழியை எழுதாதே மகள், அது நான் செய்தது என்றேன். மைமூனா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டார்.
"புள்ளைட உசிருக்காகத்தானே செஞ்சீங்க?"
"ஓம். செய்தது உயிருக்காக. பொய் சொன்னது என்ர பெருமைக்காக."

01.08.2017, செவ்வாய்
இன்று வாசித்திருப்பாள். போன் இல்லை.

06.08.2017, ஞாயிறு
தலவிலக் கோவில் பெருநாள். எல்லோருடைய பேரப்பிள்ளைகளும் கூடாரங்களில்.
"எங்க உங்கட கம்பஸ்காரி?" — றோசமேரி.
"சோதினை" என்றேன். இதுவும் பொய்.

12.08.2017, சனி
காலை பத்து மணிக்குக் கிறகரி தனியே வந்து நின்றான். கையில் மெரினா எழுதிய தாள்கள். சாமியார் சொன்ன இடத்தை வெட்டிவிட்டு, நான் சொன்னதை அப்படியே வாசித்தாளாம். பிறகு தகப்பனிடம் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு காலமும் தன்னை அனுப்பியது அப்பா என்றுதான் அவன் நினைத்திருந்தானாம். அந்த மனிசனின் செத்தவீட்டில் அவன் ஏன் அப்படிக் கல்லாக நின்றான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

"அம்மா, என்னட்ட ஏன் கேக்கேல்ல?"

தமிழில் கேட்டான். தலை நரைத்த ஆள். தமிழ் மட்டும் அந்த நாலாம் வகுப்புப் பிள்ளையினுடையது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"
"போமாட்டன் எண்டு அழுதிருப்பன்."
"அதுதான், மகன், கேக்கேல்ல."

பிறகு, தன்னை விட்டுவிட்டு நான் திரும்பி வந்த அன்று அப்பா என்ன செய்தார் என்று கேட்டான். சொல்லத் தொடங்கினேன். விளங்காத சொல் வந்தால் வகுப்பில் போலக் கையைத் தூக்குகிறான். நிறுத்தி, வேறு விதமாகச் சொல்கிறேன்.

அடுத்த சனி மெரினா வருகிறாளாம். இல்மாவுக்கு அலைச்சல் வேண்டாமாம். நடுவில் தானே இருந்து திருப்புகிறானாம்.

அவன் திரும்பிப் போக வேண்டிய இரண்டரை மணி பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டான்.