ஆள் சேர்த்துவிட்டேன், மதினி

என் பிரியமுள்ள மதினிக்கு,

நம் விளக்கமாத்துக் கம்பெனிக்கு முதல்முதலாக ஆள் சேர்த்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பீர்கள். அண்ணன் கேலிக்கு வைத்த பெயரைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே வாடிக்கை பிடித்தவர் ஆயிற்றே. அந்த வாய் வேறு யாருக்கு வரும்?

தாயில்பட்டிப் பட்டாசு ஆலையை விட்டுவிட்டு, வீடு, மண்டபம் என்று நாம் கழுவித் துடைக்கக் கிளம்பியபோது சிரிக்காதவர்கள் யார்? நீங்கள் காய்ச்சலில் போனபிறகு நான் ஒண்டியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம், முழுக் கட்டடத்தையும் தினமும் சுத்தம் செய்யக் கேட்டது. ஒற்றை ஆளால் ஆகாது. இதை விட்டால் இன்னொன்று வருமா?

பேச்சியம்மாளையும் அவள் தங்கையையும் சேர்த்தேன். இருவரும் நம் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். கை வேகம் அப்படி.

முதல் நாளே வந்தது வினை. பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் தண்ணீர் தெளிக்காமல் யார் பெருக்குவார்கள்? தூள் உரசித் தீப்பிடித்தால் என்ன ஆவது? அதே பழக்கத்தில் பேச்சியம்மாள் அச்சகத்திலும் தாராளமாகத் தெளித்துவிட்டாள். தரையில் அடுக்கியிருந்த காலண்டர் தாளில் ஒரு கட்டு, சாமி முகத்தோடு ஊறிப்போனது.

"யாரும்மா இங்கன தண்ணி ஊத்துனது?" என்று மேனேஜர் கத்தினார்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உங்கள் நினைப்புதான் தடுத்தது. மண்டபத்துக்காரர் ஒருநாள் என்மேல் பாய்ந்தபோது, முந்தானையைச் செருகிக்கொண்டு குறுக்கே வந்தீர்களே: "என்னையக் கேளுங்க, அவள எதுக்குக் கேக்கீக?" எம்புட்டுத் தைரியம் உங்களுக்கு!

"என்னையக் கேளுங்க சார். சொல்லிக் குடுக்காதது நாந்தான்" என்றேன்.

"இன்னொருக்க நனைஞ்சா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்" என்று முனகிக்கொண்டே போனார். பிறகு பிழிந்த துணியால் மூன்று பேரும் துடைத்து முடித்தோம். தரை பளபளத்தது.

சாயங்காலம் பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அக்கா, நாளைக்கு வேலை உண்டா?"

பட்டாசு ஆலையை மழை என்றாலும் மூடுவார்கள், அதிகாரிகள் சோதனை என்றாலும் மூடுவார்கள். அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வேன் ஏறுமுன் தினமும் போர்மேனிடம் நாம் கேட்ட கேள்வி அது. "நம்ம கம்பெனியில ஒருத்தரும் இதக் கேக்கக் கூடாது தாயி" என்பீர்கள். ஆளே இல்லாத கம்பெனிக்கு அன்றைக்கே சட்டம் போட்டீர்கள்! அப்போது சிரித்தேன். இப்போது அழுகை வந்துவிட்டது.

நம் வாளி, துடைப்பம் வைக்கும் அறைச் சாவி உங்கள் இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு வந்தது. அதை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

"காலைல நீதான் திறக்கணும் பேச்சி. நேரத்துக்கு வந்துரு."

நம்மிடம் எத்தனை பேர் சேர்ந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஒருத்தரையும் விடமாட்டேன், மதினி. இது சத்தியம்.

உங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நாத்தனார்,
சீனியம்மாள்