மண் தின்ற மதினிக்கு

என் ஆசை மதினி பேச்சியம்மாளுக்கு,

உனக்கு வாசிக்கத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து உன் அய்யா போட்ட கடுதாசிகளை எல்லாம் நான்தான் உனக்குப் படித்துச் சொல்வேன். இதையும் யாராவது உரக்கப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். கேட்டுவிட்டு என்மீது காறித் துப்பினாலும் எனக்குக் கவலையில்லை. பாதிப் பேர் ஏற்கெனவே துப்பிவிட்டார்கள்.

நீ போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. கொழுந்துக் கூடையோடு நிறுவைக்குப் போகிற வழியில் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்தாய். மழை அடித்துக்கொண்டிருந்தது. உன்னைத் தாண்டிப் போகும்போது "உக்காந்துட்டாளா மகாராணி" என்று ஒருத்தி சொன்னாளே, அது யார் குரல் என்று உனக்குத் தெரிந்திருக்குமா? நான்தான் அது. திரும்பி வருகிறபோதும் நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். தொட்டால் சில்லென்று இருந்தது.

இதற்காக மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீ மலையேறி வந்தபோது எப்படி இருந்தாய்! கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறுகிற வழியில் நாங்கள் எல்லாம் நாலு இடத்தில் உட்கார்ந்தோம். நீ தலையில் அரிசி மூட்டையோடு நின்றுகொண்டு சிரித்தாய். இந்த மூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி செல்லத்தாயி, ஒங்க ஊர்ல சூரியனுக்கும் அரைப் பேருதானா?" என்று கேட்டாய். அரை நாள் வேலைக்கு அரைப் பேர் போட்டு அரைக் கூலி கொடுக்கிற கணக்கு வந்த முதல் வாரத்திலேயே உனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த வாய்க்காகவே எனக்கு உன்னைப் பிடித்துப்போனது. தாலியறுத்துப் பிறந்த வீட்டில் வந்து கிடந்த எனக்கு அந்த வீட்டில் சிரிக்கக் கிடைத்த ஒரே ஆள் நீதான்.

மகள் முப்பிடாதி பிறந்த பிறகு நீ வெளுத்தாய். நகம் சுண்ணாம்பு பூசினாற்போல ஆனது. முகம் ஊதி, கால் வீங்கி, லயத்துப் படி ஏறவே மூச்சு வாங்கினாய். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் விரலால் மண்ணைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு, காட்டுப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடித்தாள். நான் பேயையெல்லாம் நம்புகிறவள் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஆயிற்றே! அதனால் கங்காணியாக இருக்கிற நம் அப்பாவிடம் போய், "அவளுக்குச் சீக்குமில்ல பேயுமில்ல, வேலைக்கு வளையாத ஒடம்பு" என்று சொன்னேன். அப்பா அன்றிலிருந்து உனக்கு அரைப் பேர்தான் போட்டார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்குமே வாயைத் திறக்கிறவன் இல்லை. அதற்காகவே இப்போது அவனை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது. டிஸ்பென்சரியில் எல்லாருக்கும் ஊற்றுகிற அதே காய்ச்சல் கசப்பு மருந்தை உனக்கும் ஊற்றினார்கள். காய்ச்சலே இல்லாதவளுக்கு அது எதற்கு என்று யார் கேட்டோம்?

இனி நடந்ததைக் கேள்.

போன மாதம் ஒரு டாக்டரும் கம்பவுண்டரும் இன்னும் இரண்டு பேரும் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றிக்கொண்டு இங்கே வந்தார்கள். டிஸ்பென்சரி வராந்தாவில் மேசை போட்டு, குழாய் வைத்த ஒரு பூதக்கண்ணாடியைத் தூக்கி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு தகர டப்பா கொடுத்து, நாளைக் காலையில் சுண்டைக்காய் அளவு மலம் எடுத்து வரவேண்டும் என்றார்கள். எழுதத் தெரிந்தவள் என்பதால் டப்பாக்களில் பேர் ஒட்டுகிற வேலை எனக்கு.

லயத்துப் பெண்களுக்கு மானம் போய்விட்டது. "நம்ம பேரை ஒட்டி, அந்தக் கருமத்தை ஆம்பள கண்ணாடி வச்சுப் பாக்குறதா? நாக்கப் புடுங்கிக்கிடலாம்" என்றாள் மேலக்கோடி பிச்சம்மா. அம்மாதான் வழி சொன்னாள். பிச்சம்மாவின் பிள்ளைக்கு ஒரு வயது, இடுப்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. "பச்சப்புள்ளைது அசிங்கமில்ல. எல்லா டப்பாலயும் அதுல கொஞ்சம் கிள்ளி வச்சுருவோம்." எல்லாரும் ஒரு நாள் பூராவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மதினி. சிரித்துக்கொண்டே உன் மகள் பேரையும் ஒரு டப்பாவில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆண்கள் அவரவர் டப்பாவை ஒழுங்காகக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றில் புழு. பெண்களிலும் பிள்ளைகளிலும் ஒருவருக்குக்கூட இல்லை! கம்பவுண்டர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒங்கட லயத்துப் பெண்ணுங்க நல்ல விருத்தியானு, நல்ல சுத்தம்" என்று மெச்சினார். ஆண்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். நாங்கள் சுத்தமான பெண்கள் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றோம்.

அந்தக் குழாயில் அப்படி என்னதான் தெரிகிறது என்று எனக்கு ஆசை. கேட்டேன். பார்க்கச் சொன்னார்கள். யாரோ ஒரு ஆண்பிள்ளையின் டப்பாவில் எடுத்தது. வெந்த சவ்வரிசி போல, கண்ணாடியாக, நீள்வட்டமாக நாலைந்து கிடந்தன. கம்பவுண்டர் மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்:

"இது முட்டை. நனஞ்ச மண்ணுல விழுந்தா விரிஞ்சு புழுவாகும். கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோட சவிட்டினா தோலைத் தொளைச்சு உள்ள கேறும். விரலிடுக்குல சொறி வரும், அதான் முதல். பின்ன குடல்ல கடிச்சுத் தொங்கி ரத்தம் குடிக்கும்."

"ரத்தம் குடிச்சா?"

"ஆளு வெளுக்கும். கால் வீங்கும். நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். சிலபேர் மண்ணு தின்னும்."

"மண்ணு திங்கது வேலைக்கு வளையாத ஒடம்புனால இல்லயாங்கய்யா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ரத்தமில்லாத ஆளு எங்ஙனெ வேலை செய்யும்?"

இவ்வளவுதான் விஷயம், மதினி. ஒரு நூல் துண்டு தடிமன் இருக்கிற புழு. அதற்கு மருந்து இருக்கிறது. வேப்பிலையும் வேண்டாம், என் நாக்கும் வேண்டாம். மழைக்காலத்தில் உன் விரலிடுக்கில் சொறி வந்து நீ மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசினாயே, சேற்றுப்புண் என்று நாம் எல்லாரும் சொன்னோமே, அப்போதே அது உள்ளே போய்விட்டது. ஒதுங்குவதற்கு ஒரு குழிகூட இல்லாமல் இத்தனை லயத்து ஜனங்களும் தேயிலைச் செடிக்குள் போகிறோம். அதே செடிக்குள் வெறுங்காலோடு நின்று கொழுந்து பறிக்கிறோம். கிளார்க்கு வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது. துரை பங்களாவில் இரண்டு இருக்கிறது. ஈரமண் முழுக்க நமக்குத்தான்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நீ பிய்த்த குழியை நீ போன மறுவாரமே நான் மண் குழைத்துப் பூசிவிட்டேன். அதற்கு ஒரு முழம் கீழே, சின்னதாக, புதிதாக ஒரு குழி. உன் மகள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வாயை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயசுப் பிள்ளை. நகத்தைப் பிடித்துப் பார்த்தேன். உன் நகம்.

அம்மா பின்னாலேயே வந்து கையை ஓங்கினாள். "ஆத்தாளைக் கொண்டுட்டுப் பொறந்துருக்கு, மண்ணுத்தீனி!"

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் ஆயுசில் முதல் தடவை. "தொட்டே, நடக்குறது வேற. நீ கிள்ளி வச்ச டப்பாதாம்மா இவளுக்கு மருந்தில்லாம ஆக்கிருக்கு."

"என்னட்டி உளறுதே?"

"நாளைக்குப் போயி சொல்லிருவேன்."

"சொன்னா லயத்துல தலை காட்ட முடியாது."

"இவ தலை இருக்கணும்ல?"

காலையில் போனேன். டாக்டர் கூட்டம் அடுத்த எஸ்டேட்டுக்குப் புறப்பட்டு, பெட்டியை எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, இது ஒரு பிள்ளையின் மலம், பெண்கள், பிள்ளைகள் டப்பா எல்லாம் பொய், பேர் ஒட்டினவள் நான் என்று சொன்னேன். கம்பவுண்டர் என்னைத் திட்டிய திட்டில் பாதி மலையாளம். நல்லவேளை, முழுதும் புரியவில்லை. டாக்டர் பெட்டியை இறக்கச் சொன்னார்.

இந்தத் தடவை யாரும் ஏமாற்றவில்லை. பெண்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாருக்கும் புழு. அன்றிலிருந்து பிச்சம்மா என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டுத் தெளிந்து ஓடுகின்றன. அதற்கும் சேர்த்து என்மேல்தான் கோபம். இருக்கட்டும்.

முப்பிடாதிக்கு வெறும் வயிற்றில் நாற்றமடிக்கிற எண்ணெய் மருந்தும், பின்னால் பேதி உப்பும் கொடுத்தார்கள். மறுநாள் கம்பவுண்டரே துணியில் அலசிக் காட்டினார். வெள்ளை நூலை அரை விரற்கடையாகக் கத்தரித்துப் போட்டதுபோல ஒரு கொத்து. உன்னைத் தின்ற இனம் அது. காலால் நசுக்கக் காலைத் தூக்கினேன், அவர் "அய்யோ, வெறுங்கால்!" என்று கத்தினார். மடச்சி, இத்தனைக்கும் பிறகு!

நேற்று உன் மகள் லயத்துப் படியை ஒரே ஓட்டமாக ஏறி வந்து, "அத்தை, பசிக்கி" என்றாள். சோறு கேட்டாள், மதினி. சோறு.

ஆனால் மருந்து மட்டும் போதாதாம். திரும்பவும் மண்ணில் மிதித்தால் திரும்பவும் ஏறும். குழி வெட்டவேண்டும், காலில் செருப்புப் போடவேண்டும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "குழி துரை உத்தரவு வந்தா வெட்டுவோம். செருப்பு எப்படிங்க? துரை வாற வழியில எங்காளுக செருப்புப் போட்டு நின்னதே கெடையாது" என்றார். டாக்டர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "செருப்பு அணியுங்கள்" என்று நான்தான் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குக் கீழே எல்லாரும் வெறுங்காலோடு நின்று மருந்து வாங்குகிறார்கள். புழு பூட்ஸைத் துளைக்காது, அதனால் துரைக்கு ஒன்றும் அவசரமில்லை.

இனி அந்தச் செருப்பு. இதை எழுதத்தான் இத்தனை சுற்றினேன்.

நீ மலையேறி வந்தபோது உன் காலில் செருப்பு இருந்தது. உடைமுள்ளுக் காட்டில் விறகு பொறுக்கப் போகிறவளுக்கென்று உன் அய்யா தைத்து வாங்கிக் கொடுத்தது. பங்களா வளைவு வந்ததும் அப்பா திரும்பிப் பார்த்து என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் ஓடிவந்து, "கழட்டு மதினி, துரை பாத்தா அப்பாவுக்கு மரியாத போயிரும்" என்றேன். "முள்ளுக்குப் போட்டது ஏட்டி, துரைக்கா போட்டேன்?" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. குனிந்து உன் காலைப் பிடித்து நானே கழற்றினேன். வீட்டில் பரணில் தூக்கிப் போட்டேன். இரண்டு தடவை நீ கேட்டாய். "இங்க அதெல்லாம் வழக்கமில்ல" என்றேன். மூன்றாவது தடவை நீ கேட்கவில்லை.

இன்று பரணிலிருந்து எடுத்தேன். வார் காய்ந்து, ஓரத்தை எலி கடித்திருந்தது. உன் விரல் பதிந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் குதிகால் பக்கத்தை வெட்டினேன். முப்பிடாதியின் பெருவிரல் உன் பெருவிரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நடந்து பார்த்துவிட்டு, "கடிக்கி அத்தை" என்றாள். கடிக்கட்டும். இது வெளியே கடிக்கிறது.

அப்பா பார்த்துவிட்டார். "குடும்பப் பிழைப்புல மண்ணப் போட்டுறாத செல்லத்தாயி. கங்காணி வேலை போனா மலையை விட்டு இறங்கணும்" என்றார். கிழவர் பயந்துபோயிருக்கிறார், அது எனக்குத் தெரிகிறது. எனக்கும் பயம்தான். "மண்ண நம்ம வீட்டுல ஒருத்தி தின்னு முடிச்சுட்டாப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மதினி, உன்னிடம் ஒரு சத்தியம் செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் முன்னால் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்துக்கு உன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா வளைவு வழியாகத்தான் போவேன். எனக்கும் ஒரு ஜோடி குமுளிச் சந்தையில் வாங்கிவிட்டேன். துரை குதிரையில் வந்தாலும் சரி, அப்பாவே குனிந்து காலைப் பிடித்தாலும் சரி, கழற்ற மாட்டோம். மலையை விட்டு இறங்கச் சொன்னால் செருப்போடு இறங்குவோம். வழியெல்லாம் முள்தானே இருக்கும்? அதற்குத்தானே உன் அய்யா தைத்து வாங்கிக் கொடுத்தார்?

இப்படிக்கு,
உன் காலிலிருந்து கழற்றியதை உன் மகள் காலில் மாட்டிவிட்ட நாத்தனார்,
செல்லத்தாய்