லிஸ்டர்ஃபீல்ட் காட்டுச் சனிக்கிழமைகள்

இன்று காலை குசினி யன்னலைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. இரவு மழையில் நனைந்த யூகலிப்டஸ் இலையும் மண்ணில் ஊறிக் கிடந்த பட்டையும் சேர்ந்த மணம். மே மாதம் முடியப் போகிறது; இங்கே குளிர் தொடங்கும் காலம். எங்கள் ரோவில் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் ஹீட்டர் போட்டுவிட்டார்கள். குளிருது, யன்னலைப் பூட்டும் என்று உள்ளேயிருந்து இவர் சொன்னார். நான் பூட்டவில்லை. உம்மோடு கொஞ்ச நேரம் கதைக்க வேண்டும் போலிருந்தது. அதுதான் எழுத இருந்துவிட்டேன்.

நீர் போன பிறகு வருகிற முதற் குளிர்காலம் இது.

எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனது உம்முடைய சீனி வருத்தம்தான். டண்டினோங்கில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் இருவரும் வேலை செய்துகொண்டிருந்தோம். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, டொக்டர் நடக்கச் சொல்கிறார், நோபல் பார்க் தெருவில் தனியே நடக்க வெட்கமாக இருக்கிறது என்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே முறையிட்டீர். என்னிடம் கார் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கிட்டவே லிஸ்டர்ஃபீல்ட் காடும் இருந்தது. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

ஆனால் நீர் எங்கே நடந்தீர்? நாலடி வைத்தால் நின்றுவிடுவீர். நான் வேகமாகப் போனால் பின்னாலிருந்து குரல் வரும்.

"நில்லுங்கோ அக்கா. முதல்ல அதுகள் எங்களைப் பாத்து முடிக்கட்டும். பிறகு நாங்கள் பாப்பம்."

அப்படி நின்று நின்றுதான் எல்லாம் கண்ணில் பட்டது. ஏப்ரலில் மரத்தடியில் செம்மஞ்சள் குடை விரிக்கும் காளான்கள். ஈரம் ஏறியதும் பாறையில் பச்சை பிடிக்கும் பாசி. மரமெல்லாம் பூத்து முடிந்த பிறகு, குளிர் வந்தால்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கும் அந்த முட்செடி; அதன் சின்னக் குழல் பூக்கள் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். ஆங்கிலப் பெயர்கள் நூலகப் புத்தகத்தில் இருந்தன. உமக்கு அவை பிடிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து உரத்துக் கத்தும் கறுப்புப் பறவைகளுக்கு 'கலியாண வீட்டு மாமாமார்' என்று பெயர் வைத்தீர். பெயர் பொருத்தமாக இருந்ததால் நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன்.

இருவரும் யாழ்ப்பாணம்தான். நான் கொக்குவில், நீர் சோனகத் தெரு. ஒரே பஸ்ஸில் போயிருப்போம், ஒரே கடையில் துணி எடுத்திருப்போம். அதைப்பற்றியெல்லாம் கதைப்போம். தொண்ணூறாம் ஆண்டைப் பற்றி மட்டும் கதைக்க மாட்டோம். வடக்கிலிருந்த முஸ்லிம்களை ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒரேயடியாக வெளியேற்றிய வருடம் அது. நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். நீரும் உம்முடைய உம்மாவும் உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும் தெரியும். நீர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

காட்டுக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம், ஜூன் மாதம், உம்மை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். உமக்காக ஹலால் கோழி வாங்கிச் சமைத்தேன். இவருடைய ஒன்றுவிட்ட அண்ணரும் மனைவியும் வந்திருந்தார்கள். நீர் எந்த இடம் என்று அவர் கேட்டார். நீர் சொன்னீர். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, அந்த நேரம் அப்படிச் செய்ய வேண்டித்தான் இருந்தது, வேறு வழியில்லை என்றார். ஏதோ வீதி திருத்திய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கறிச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு நான் சொன்னேன்: "அண்ணை, இவவிட்ட மன்னிப்புக் கேளுங்கோ. ஏலாதெண்டா எழும்புங்கோ."

அவர் எழும்பினார். மனைவியும் பின்னால் போனா. வெளியே கார் போகும் சத்தம் கேட்டது. பிறகு இவர்தான் உம்முடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு கோழி வைத்தார். நீர் குனிந்தபடி அதைச் சாப்பிட்டு முடித்தீர். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீர் வருவீர் என்று நான் நம்பவில்லை. பனிப் புகாருக்குள் ஊர்ந்து ஊர்ந்து நோபல் பார்க் வந்தால், கம்பளிச் சால்வையும் தேத்தண்ணிப் போத்தலுமாக வீட்டுக் கேற்றடியில் நிற்கிறீர். காட்டுக்குள் நடந்தோம். ஒரு வளைவில் என் கையைப் பிடித்து நிறுத்தினீர். பட்டுப்போன கொப்பு என்று நான் நினைத்தது இரண்டு பறவைகள். மரப்பட்டை நிறத்தில், கண்ணை மூடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குளிருக்கு இருந்தன.

அவற்றைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினீர்.

"நீங்கள் சொன்னது சரி அக்கா. ஆனா நான் இருக்கேக்க சொல்லியிருக்க வேணாம். நான் சாப்பிட வந்தனான். எல்லாரும் என்னையே பாத்தவை."

நான் அப்படி யோசிக்கவில்லை என்றேன். தெரியும் என்றீர். பிறகு, கேட்காமலே, அந்த நாளைச் சொன்னீர். வெளிக்கிட்டபோது தெரு முழுக்க அழுகை. அடுத்த தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. சைவக்கார அம்மா ஒருத்தி ஓடிவந்து உம்மாவின் கையில் சாப்பிட ஒரு பாண் பார்சலைத் திணித்துவிட்டுப் போனா. யாரென்று தெரியாது. முகமும் மறந்துவிட்டது.

"போன கிழமை நீங்கள் சட்டியோட நிண்டது, அவ வந்து நிண்ட மாதிரிக் கிடந்தது" என்றீர். "அதுதான் கோவமும் வந்தது, அழுகையும் வந்தது."

மரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். இரண்டு பறவைகளும் அசையவேயில்லை.

அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம். அண்ணர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை. உம்முடைய சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியதும் நடை நின்றது. போன குளிருக்குக் காட்டு வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரும் உள்ளே இருந்தோம். உமக்குக் கண்ணும் மங்கிவிட்டது. நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பிழையாகச் சொன்னால், சத்தத்தை வைத்தே திருத்துவீர்.

வசந்தம் வந்து வாற்றில் என்ற மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்த கிழமை நீர் போய்விட்டீர். செத்தவீட்டில் உம்முடைய மச்சாள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் இருத்தினா. அந்த வீட்டில் யாரும் என்னை அந்நியமாகப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். கம்பி வேலியில் ஒரு சின்னக் குருவி வந்து இருந்தது, நெஞ்செல்லாம் நெருப்பு நிறம். குளிருக்கு மலையிலிருந்து இறங்கி வந்த முதற் குருவி.

"சுப்ஹானல்லாஹ்" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பறவைக்கும், ஒவ்வொரு பூவுக்கும் மூச்சோடு மூச்சாக நீர் சொல்லும் சொல். எந்தக் குளிர்காலத்தில் அது என் வாய்க்கு வந்ததென்று தெரியவில்லை.