இறங்காத சீட்டு

2001, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அவருடைய கியர் சைக்கிளில்தான் என் பெண் கீதா பள்ளிக்கூடம் போகிறாள். சீட்டு அவர் உயரத்துக்கு ஏற்றினது. அவளுக்குக் கால் தரையில் எட்டுவதில்லை. இன்று பைபாசில் லாரிக்கு ஒதுங்கும்போது ஊன்ற முடியாமல் விழுந்துவிட்டாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

சாயங்காலம் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சீட்டுக் குழாய் துருப்பிடித்து உள்ளேயே இறுகிவிட்டது.

"அறுத்து, கொஞ்சம் கொறைச்சி வெல்டிங் வெக்கணுங்க்கா. அப்புறம் ஏத்த முடியாது. அறுக்கட்டுமா?"

"வாணாம்மா. நைனா வெச்ச உயரம் அது. நான் எகிறி எகிறி ஓட்டிக்கினு போறேன்" என்றாள் கீதா.

"வீட்டுல கேட்டுட்டு சொல்றேங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் இருந்தபோது எதற்கும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். கடைக்காரருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி தெரியும். "ஆங், சரிக்கா" என்று ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பத் தள்ளிக்கொண்டே வந்தோம். அறுக்கச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. காலையில் அவள் அதிலேதான் ஏறிப் போவாள்.