பியானோவை விற்கத் தொடங்கிய விழா

பாய்,

இன்று காலை மண்டபத்தில் பியானோவின் மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் போட்டு வைத்தவை. நீங்கள் இல்லாமல் நடக்கும் முதல் விழா இது. வந்த பெரிய மனிதர்களெல்லாம் விழாவின் வரலாற்றைக் கேட்கிறார்கள். நம் இருவருக்கும் தெரிந்ததை மேடையில் சொல்ல முடியுமா?

புதுச்சேரியில் யாரோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது, பீரோக்களோடு இந்தப் பியானோவும் உங்கள் மரச்சாமான் கடைக்கு வந்தது. பாதிக் கடையை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் உரக்கடை வைத்திருந்த என்னிடம் வந்தீர்கள்.

"இன்னா தம்பி, இத எவனும் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறான். மெட்ராஸ்லேர்ந்து யாரையாவது கூட்டியாந்து வாசிக்க வெச்சா, கேட்டுட்டு எவனாவது வாங்கிக்கினு போயிடுவான்ல?"

விழா பிறந்த கதை அவ்வளவுதான். முதல் வருடம் வந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். யாரும் வாங்கவில்லை.

அடுத்த வருடம் மண்டபத்துக்காரர் அதே நாளில் ஒரு காதுகுத்துக்கும் இடம் கொடுத்துவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து வேன் வேனாகச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மேடையிலோ சென்னைக் கலைஞர் உட்கார்ந்தாகிவிட்டது. நீங்கள் குழந்தையின் அப்பாவிடம் ஓடினீர்கள்.

"ரெண்டும் ஒண்ணாவே நடக்கட்டுங்க. உங்களுக்கு மேளச் செலவு மிச்சம்."

காது குத்தியதும் குழந்தை வீறிட்டது. பியானோ ஒலித்ததும் கப்பென்று அழுகையை நிறுத்திவிட்டது. பூரித்துப்போன தாய்மாமன், தேங்காய் பழம் வேட்டியோடு ஒரு சீர்த்தட்டைக் கொண்டுபோய்க் கலைஞர் கையில் கொடுத்தார். மண்டபமே கைதட்டியது. கலைஞர் கண் கலங்கிவிட்டார். கள்ளக்குறிச்சியில் கலைஞர்களை இப்படித்தான் மதிக்கிறார்கள் என்று சென்னை முழுக்கச் சொன்னார். மறுவருடம் அங்கிருந்து கலைஞர்களே போன் செய்து தேதி கேட்டார்கள். சீர்த்தட்டு உண்டா என்றும் கேட்டார்கள்.

"காலங்காலமா குடுக்கறதுதாங்களே" என்று கூசாமல் சொன்னீர்கள்.

விழாவுக்குப் பெயர் வந்த பிறகு, சேலத்திலிருந்து ஒருவர் நிஜமாகவே பியானோவை வாங்க லாரியோடு வந்து நின்றார். "விக்கறதுக்கு இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினீர்கள். நான் வாயைப் பிளந்தேன்.

"இன்னா பாய், இதுக்குத்தானே இவ்ளோ பாடு?"

"வித்துட்டா அப்புறம் எத விக்கறதுக்கு தம்பி விழா நடத்தறது?"

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மூச்சு வாங்க வாங்கக் கேட்டீர்கள்: "இந்த வருசம் யாரு?"

"ஒரு பொண்ணு பாய். இதுதான் மொத மேடையாம்."

"அப்ப நீ முன்னாடி உக்காரு. ஒண்ணும் புரியலன்னாலும் மூஞ்சிய சிரிச்சாப்பல வெச்சிக்கினு இரு. பயந்த புள்ளைக்கி பாக்க ஒரு மூஞ்சி வேணும்."

சாயங்காலம் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பியானோ முன் உட்கார்ந்தும் வாசிக்கத் தொடங்கவில்லை. தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பைத்தியமோ என்று நினைத்திருப்பாள். ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். பிறகுதான் வாசித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. இடையில் உங்கள் நினைவு வந்தபோதும் சிரிப்பை இறக்கவில்லை.

கன்னம் இன்னும் வலிக்கிறது பாய்.