திங்கட்கிழமை எட்டு மணிக்கு ராம் ராம்

யவத்மாள்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கிஷோருக்கு,

வைஜயந்தியின் நமஸ்காரம். டொராண்டோவில் நீயும் வீட்டாரும் சுகம்தானே? போன் அடித்தால் எடுக்க மாட்டாய், மின்னஞ்சல் என்றால் ஓர் எழுத்து விடாமல் படிப்பாய். அதனால்தான் இது.

வங்கியில் எனக்கு இருபத்துநான்கு வருடம் முடிந்துவிட்டது. நாம் சேர்ந்த அன்று, "விவசாய வங்கிக்குக் கம்ப்யூட்டர்காரங்க எதுக்கு, களை புடுங்கவா?" என்று கேட்டாரே கடு சாகேப், அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நீ ஒன்பதாம் வருடமே போய்விட்டாய். உன் குரல் மட்டும் போகவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு மழைத் தகவலைப் பேசி அனுப்பலாம் என்று நீதானே ஆரம்பித்தாய்? மேலிடத்தில் எழுதிக் கொடுத்த "மதிப்பிற்குரிய உறுப்பினரே"வை ஒதுக்கிவிட்டு, எல்லாரையும் அண்ணனாக்கி, "ராம் ராம், பாவு! சௌக்கியமா?" என்று நீயே பதிவு செய்தாய். அதற்குப் பிறகுதான் மழை விவரம், இயந்திரக் குரலில். இன்றும் திங்கள் காலை எட்டு மணிக்கு என் அறையில் முதலில் கேட்பது உன் ராம் ராம்தான்.

போன வாரம் ஒரு பட்டியல் எடுத்தேன். மறுபடி கேட்க ஒன்றை அழுத்தவும் என்று கடைசியில் வருமே, அதை யார் அழுத்துகிறார்கள் என்று பார்க்க. அநேகம் பேர் ஒரு முறைகூட அழுத்துவதில்லை. ஒரே ஒரு எண்ணிலிருந்து வாரம் தவறாமல் பத்து, பன்னிரண்டு முறை. பெயரைப் பார்த்தேன். மாணிக்ராவ் போயர். உன் அப்பா. அவர் சிதைக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.

கிளைப் பேரேட்டை வரவழைத்துப் பார்த்தேன். அதில் "கை. மாணிக்ராவ்" என்று சரியாகத்தான் இருக்கிறது. யாராவது தவறினால் குமாஸ்தா பெயருக்கு முன்னால் கைலாசவாசி என்பதைச் சுருக்கி "கை." போடுவார். மரணத்துக்கென்று தனிக் கட்டம் வைக்க நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அழைப்புப் பட்டியலுக்குப் பெயர்களைச் சுத்தம் செய்ய நீ நிரலில் ஒரு வரி எழுதினாயே, ஸ்ரீ, சௌ., கை. எல்லாவற்றையும் வெட்டு என்று? சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். ஸ்ரீ போனதில் யாருக்கும் நட்டமில்லை. கை. போனதும் செத்தவர்கள் எல்லாரும் உயிரோடு எழுந்துவிட்டார்கள், கிஷோர். நானூற்றுப் பதினோரு பேர். இத்தனை வருடமாக வாரம் தவறாமல் அவர்களிடம் சௌக்கியமா என்று கேட்டிருக்கிறோம்.

நேர் என்ற ஊரில் ஒரு பெண் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "என் புருஷன் செத்து நாலு வருஷமாச்சு. சௌக்கியமான்னு கேக்கறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள். மேலாளர், "பேய்க்கெல்லாம் மழை சொல்ற வங்கி நம்மளுதுதான்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை எட்டு மணி என்றாலே இப்போது பயமாக இருக்கிறது.

நேற்று உங்கள் ஊருக்குப் போனேன். உன் அம்மா, என் காகூ, சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய பொத்தான் போன் தனியாக மாடத்தில், சார்ஜில் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். காகூவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு போனது எனக்குத் தெரியாதா? நெத்தியைத் துடைச்சவ நான். அது கிஷோர் குரல்டீ. 'பெத்த அப்பனையே அண்ணேங்கறான் பாரு'ன்னு அவரு வாராவாரம் சிரிப்பாரு. இப்ப நான் கேக்கறேன். சௌக்கியமாங்கறான், சௌக்கியம்டாங்கறேன். அவனும் திரும்பத் திரும்பக் கேப்பான், நானும் சொல்லுவேன்."

ஒன்று எந்தப் பொத்தான் என்று அடையாளம் தெரிய, அதில் குங்குமம் வைத்திருக்கிறாள். தன் நெற்றியில் இல்லாத குங்குமம். வாசலுக்கு வந்துதான் அழுதேன்.

நானூற்றுப் பதினோரு பெயரையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீக்கச் சொல்லி உத்தரவு. ஒரு பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்று இரவெல்லாம் தவித்தேன். முடியாது. செத்தவர் பெயரில் அழைப்பு போகக் கூடாது என்று சொல்பவளே நான்தான். நாளை நீக்கிவிடுவேன்.

காரியத்துக்கு வர லீவு கிடைக்காததும், பிறகு எந்த முகத்தோடு அம்மாவிடம் பேசுவது என்று நீ தள்ளிப்போட்டதும், தள்ளிப்போட்டு இரண்டு வருடம் ஆனதும் எனக்குத் தெரியும். காகூ உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவின் எண் மாறவில்லை. திங்கட்கிழமை எங்களுக்குக் காலை எட்டு, உனக்கு ஞாயிறு இரவு. காகூ போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மன்னிப்பு, காரணம் எதுவும் வேண்டாம். முதலில் ராம் ராம் சொல், சௌக்கியமா என்று கேள். உன் பிள்ளைகளுக்கு என் ஆசி.

பழக்கத்தில் அவள் ஒன்றை அழுத்தினால், மறுபடியும் சொல்.

உன் தோழி,
வைஜயந்தி ராவுத்